நிறுத்தும் தேதியையும் கேட்டு வாங்குங்கள்

தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்கள் மருந்துக்கடைக்கு வருகிற நேரம் ஒன்று உண்டு. இரவு ஒன்பதரைக்கு மேல், ஷட்டரைப் பாதி இறக்குகிற சமயம். கூட்டம் இருந்தால் ஓரமாக நின்று கடைசி ஆள் போகும்வரை காத்திருப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, அந்தச் சின்ன மாத்திரை ஒண்ணு குடுங்க. ராத்திரியானா கண்ணு மூடவே மாட்டீங்குது" என்பார்கள். காய்ச்சலுக்கோ வயிற்றுவலிக்கோ மருந்து கேட்கிற யாரும் இப்படிக் குரலைத் தாழ்த்தி நான் பார்த்ததில்லை.

திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் எழுபதுகளின் கடைசியில் மருந்துக்கடை திறந்து, கொரோனா ஓய்ந்த பிறகு மகனிடம் ஒப்படைத்தவன் நான். பார்மசிஸ்ட். மருந்து எழுதும் உரிமை எனக்கு இல்லை. எழுதியதை எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது என் வேலை. ஆனால் டாக்டர் ஒரு நோயாளியை மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிஷம் பார்க்கிறார். அதே ஆளை நான் வாரத்துக்கு இரண்டு முறை, வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அரை மாத்திரையில் தொடங்கினவர் ஒன்றுக்கும், ஒன்றிலிருந்து இரண்டுக்கும் போனது என் கண்முன்னால் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் இப்படிக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் வயசானவர்கள். நான் கடையை விடுகிற சமயத்தில் இருபத்தைந்து, முப்பது வயசுப் பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள். கண்ணுகளா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்க மாத்திரையை விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் சாவு விழுந்த வாரத்தில், பெரிய ஆபரேஷனுக்கு முந்தின இரவில், மனசு உடைந்து நிற்கிற நாட்களில் அது மனிதரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. சில நாள், மிஞ்சிப்போனால் சில வாரம். அவ்வளவுதான் அதற்குரிய காலம். ஆகவே டாக்டர் அதை எழுதும்போது, எந்த வேளைக்கு, எத்தனை மில்லிகிராம் என்று கேட்பதோடு, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதையும் கேளுங்கள். நிறுத்தும் தேதி இல்லாமல் தொடங்கின மாத்திரைதான் அத்தனை பேரையும் என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே, இந்த வகை மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்திவிட்டது. அது தெரியாமல் நாலு வருஷம் சாப்பிட்டவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

இந்த மாத்திரைகளின் வரலாறு உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் "இது பயமில்லாதது" என்று ஒரு தூக்க மருந்து கொடுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் கழித்துத் தன் சுயரூபத்தைக் காட்டியது. 1903-ல் ஜெர்மனியில் வெரோனால் என்ற பெயரில் பார்பிட்யூரேட் வகை மருந்து விற்பனைக்கு வந்தது. தூங்கவைக்கிற அளவுக்கும் மூச்சை நிறுத்துகிற அளவுக்கும் அதில் இடைவெளி மிகக் குறைவு. ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ 1962-ல் இறந்தது அந்த வகை மருந்தால்தான்.

அதைவிடக் கொடுமை தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் என்று, டாக்டர் சீட்டே தேவையில்லாமல் விற்றார்கள். கர்ப்பிணிகளுக்குக் குமட்டல் நிற்கிறது என்று அவர்களும் சாப்பிட்டார்கள். கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல். 1961 கடைசியில்தான் அந்த நாட்டுச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்கிற அம்மையார் மருந்து ஆணையத்தில் அதிகாரியாக இருந்தார். பாதுகாப்பு என்பதற்கு ஆதாரம் போதாது என்று, கம்பெனி எவ்வளவு நெருக்கியும் அனுமதி கொடுக்க மறுத்துவிட்டார். அதனால் அந்த நாட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் தப்பின. மருந்துத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெயர் அது. சாதாரணத் தூக்கத்துக்காக விற்ற மருந்து தாலிடோமைடு என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது.

பிறகு 1960-ல் லிப்ரியம், 1963-ல் வாலியம். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தவை. பார்பிட்யூரேட்டைவிட எவ்வளவோ பத்திரமானவை என்பது உண்மை. வாலியத்தில் இருக்கிற டயாசெபம் நம் நாட்டில் 1969-ல் காம்போஸ் என்ற பெயரில் வந்தது. நான் கடை திறந்தபோது டயாசெபம் என்றால் ஒருத்தருக்கும் தெரியாது, காம்போஸ் என்றால் தெருவுக்கே தெரியும். நைட்ரசெபம், லோரசெபம், அல்பிரசோலம், குளோனசெபம் எல்லாம் அதே குடும்பம். அந்தக் குடும்பமே பழக்கமாகிவிடும் என்பது மருத்துவ உலகத்துக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. அடுத்து ஜோல்பிடெம். "இது புது வகை, பழக்கமே ஆகாது" என்று சொல்லிக்கொண்டுதான் அதுவும் வந்தது. 2013-ல் அமெரிக்க மருந்து ஆணையம் பெண்களுக்கான அளவைப் பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. இரவு சாப்பிட்டது காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருந்ததுதான் காரணம். சிலர் தூக்கத்திலேயே எழுந்து நடக்கிறார்கள், அடுப்புப் பற்றவைக்கிறார்கள், கார்கூட ஓட்டுகிறார்கள் என்பதால் 2019-ல் அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிக் கடுமையான எச்சரிக்கை போட உத்தரவிட்டது.

நம் நாட்டில் 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயாசெபம், நைட்ரசெபம், ஜோல்பிடெம் போன்றவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் எழுதின டாக்டர் யார், வாங்கினவர் யார், என்ன மருந்து, எத்தனை என்று தனி நோட்டில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். உங்களிடம் அட்டை இருந்தால் திருப்பிப் பாருங்கள். தெரிந்த பையன் என்பதற்காகச் சீட்டில்லாமல் இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுக்கிற கடைக்காரர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

இந்த மாத்திரை ஏன் பழக்கமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மூளையில் நரம்புகளின் வேகத்தை அடக்க காபா என்று ஒரு ரசாயனம் இயற்கையாகவே இருக்கிறது. மாத்திரை அந்தக் காபாவின் வேலையைக் கூட்டிக் கொடுக்கிறது. சில வாரம் போனால், வெளியிலிருந்து ஆள் வந்து அடக்குவதால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது ஒரு இரவு மாத்திரை இல்லையென்றால் அடக்க ஆளே இல்லை. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை நடுங்கும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் தூக்கம் கெடும். உடனே மாத்திரை போடுகிறவர், "பாத்தீங்களா, மாத்திரை இல்லீன்னா எனக்குத் தூக்கமே கிடையாது" என்று தீர்மானித்துவிடுவார். அந்த ஒரு இரவில் அவர் கண்டது மருந்து விலகுகிறபோது வரும் தொல்லை. கொஞ்ச நாளில் தணியக்கூடியது. இது தெரியாமல் அதையே தன் சொந்த நோய் என்று எடுத்துக்கொண்டு ஆயுசுக்கும் மாத்திரை போடுகிறவர்களை நான் அறிவேன். இன்னொன்று: ரொம்ப நாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஆகையால் இதைப் படித்த வேகத்தில் யாரும் அட்டையைக் குப்பையில் போட வேண்டாம்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் இருந்தாள். ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவாள். கணவன் சாலை விபத்தில் போனபோது டாக்டர் பத்து நாளைக்கு அல்பிரசோலம் எழுதினார். பத்து நாள் இரண்டு வருஷம் ஆனது. அதே சீட்டு, மடித்து மடித்து நாலு துண்டாகி, செல்லோ டேப் ஒட்டி, தேதி இருந்த இடம் மட்டும் தேய்ந்துபோய், ஒவ்வொரு கடையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் கடைக்கு வந்தபோது நான் அதற்குக் கொடுக்கவில்லை. முகம் சிவந்து போனாள்.

பிறகு ஒருநாள் பகலில் வந்தாள், பஞ்சும் பேண்டேஜும் வாங்க. ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியிருந்தது. ஓவர்லாக் மிஷினில் துணியைத் தள்ளுகிற விரல் அரை நொடி பிந்தினால் போதும். நான் கேட்காமலே சொன்னாள்: "காலைல மிஷின்ல உக்காந்தா பத்து மணி வரைக்கும் மண்டை மந்தமாவே இருக்குதுங்கண்ணா. பீஸ் ரேட்டு வேற. கை ஓட மாட்டீங்குது." ராத்திரி தூங்கவேண்டும் என்று போட்ட மாத்திரை அவள் பகல் கூலியைத் தின்றுகொண்டிருந்தது. உட்காரவைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, எழுதின டாக்டரிடமே போகச் சொன்னேன். "திட்டுவாருங்களே" என்றாள். "திட்டினா வாங்கிக்கோ அம்மிணி, ஆனா முழுசையும் சொல்லு, எண்ணிக்கைய மறைக்காதே" என்றேன்.

அவர் திட்டவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மாத்திரை வீதம் குறைக்கச் சொல்லி ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக் கொடுத்தார். மாத்திரையை நாலாக வெட்டுகிற பிளாஸ்டிக் கட்டர் ஒன்று என் கடையிலிருந்து கொடுத்தேன். ஒவ்வொரு முறை குறைத்தபோதும் மூன்று நாலு இரவு கெட்டது. பிறகு உடம்பு சமாளித்துக்கொண்டது. நடுவில் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போன மாதம் குறைக்காமல் அதே அளவில் நிறுத்திவைத்தார்கள். அவசரமே படவில்லை. பாதி வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும். ஆனால் மாத்திரையைக் குறைத்தது மட்டும் அவளைக் கரையேற்றவில்லை. டாக்டர் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொடுத்த இன்னொரு சமாச்சாரம் இருந்தது. அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதல் வரி: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்.

தூக்கத்தைச் சரிசெய்ய நினைக்கிற எல்லாரும் ராத்திரியில் கைவைக்கிறார்கள். சீக்கிரம் படுக்கிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள், கண்ணை இறுக்கி மூடுகிறார்கள். தூக்கத்தை வரச் சொல்லி நாம் உத்தரவு போட முடியாது. ஆனால் எழுந்திருக்கிற நேரம் நம் கையில் இருக்கிறது. விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத்தான் இரவில் கண் சொக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கினவனுக்கு அன்று இரவு பதினொன்றுக்கு அடினோசின் எங்கே சேர்ந்திருக்கும்? திங்கட்கிழமை வேலைக்கு மந்தமாகப் போய், செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து மாத்திரை கேட்பான்.

எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள். உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தை நேரப்படுத்துவது கண்ணுக்குள் போகிற காலை வெளிச்சம்தான். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டதற்காக 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். வீட்டுக்குள் எரிகிற ட்யூப் லைட் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் தரும். மேகம் மூடின காலையில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்ட நம் பெண்களுக்கு அந்த வெளிச்சம் தானாகக் கிடைத்தது. பால் வாங்க நடந்து போங்கள், மாடியில் துணி உலர்த்துங்கள், எதுவாவது செய்யுங்கள். அரை மணி நேரம் போதும்.

இரண்டாவது வரி: தூக்கம் வந்தால் மட்டும் பாய்க்குப் போ, இருபது நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்துவிடு.

இதைக் கேட்டதும் அந்தப் பெண் நம்பவில்லை. "படுத்தாலாவது உடம்புக்கு ஓய்வுங்க" என்றாள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் பாயில் படுத்துக்கொண்டு கடனையும் சீட்டுத் தவணையையும் நினைத்து நினைத்து, அந்தப் பாய்க்கும் கவலைக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். டி.வி. முன்னால் உட்கார்ந்தபடி சொக்கி விழுந்தவர், பாயில் தலை வைத்ததும் முழிப்பு வந்துவிட்டது என்பார். அந்த முடிச்சுதான் காரணம். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் இதற்கு ஒரு வழி எழுதினார்: தூக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழுந்துவிடு, சொக்கும்போது திரும்பி வா, மறுபடி வராவிட்டால் மறுபடி எழு, எத்தனை முறையானாலும். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். ஒற்றை அறை லைன் வீட்டில் எழுந்து எங்கே போவது? அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். மங்கலான வெளிச்சத்தில் பூண்டு உரித்தாள். மறுநாள் சமையலுக்கு ஆயிற்று. போனை மட்டும் தொடவில்லை. கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள், அதுவும் டாக்டர் சொன்னதுதான். மணி ஒன்று, மணி ஒன்றே முக்கால், இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம்தான் என்று கணக்குப் போடுகிற மனசுக்குத் தூக்கம் வராது.

இதோடு சேர்ந்தது, படுக்கையில் கிடக்கிற நேரத்தைக் குறைப்பது. எட்டு மணி நேரம் படுத்து ஐந்து மணி நேரம் தூங்குகிறவர், ஐந்தரை அல்லது ஆறு மணி நேரம் மட்டும் படுக்க வேண்டும். தூக்கம் நெருக்கமாகி நிறைந்த பிறகு கால் மணி, கால் மணியாகக் கூட்டிக்கொண்டு போகலாம். இதை மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம். லாரி ஓட்டுகிறவர், கட்டிங் மிஷினில் நிற்கிறவர், வலிப்பு உள்ளவர் எல்லாம் டாக்டர் துணை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. இந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தூக்கமின்மைக்கான அறிவு நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள். 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டியது. வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்குமேல் தூக்கம் கெட்டால் அது நாள்பட்டது. பரீட்சைக்கு முந்தின வாரம் தூக்கம் வராததெல்லாம் வியாதி கிடையாது, பிள்ளைகளே. அதற்கு மருந்தும் வேண்டாம்.

இனி மற்றவை. டீயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், பேக்கரி டீயில் ஓடுகிற ஊர் நம்முடையது. காபீன் செய்வது ஒன்றே ஒன்று: சேர்ந்திருக்கிற அடினோசினை மூளை உணராதபடி மறித்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி ரத்தத்தை விட்டுப் போக ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஆறு மணிக்கு ஒரு டீ, ஓவர்டைம் என்றால் எட்டரைக்கு இன்னொன்று. பதினொரு மணிக்குப் படுக்கும்போது முதல் டீயில் பாதியும் இரண்டாவதில் பெரும்பங்கும் உள்ளே இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குமேல் டீ வேண்டாம். ஷிப்மெண்ட் அவசரம் என்றால் நாலு மணி, அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

குடியைப் பற்றி, "ஒரு கட்டிங் போட்டா நல்லாத் தூங்கறேனுங்க" என்று சொன்னவர்களுக்கு நான் சொன்னது இது. சாராயம் முதல் பாதி ராத்திரி அமுக்கும். உடம்பு அதைக் கரைத்து முடிக்கிற மூன்று மணி வாக்கில் தட்டி எழுப்பும். தாகமும் படபடப்புமாக விடியும்வரை கிடக்க வேண்டியதுதான். மதுவோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இரண்டும் மூச்சை அடக்கும். அப்படித் தூங்கி எழாமலே போனவர்கள் உண்டு. இது ஒன்றை மட்டும் யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்துவிடாதீர்கள்.

சளி மாத்திரை, இருமல் டானிக், அவில் சாப்பிட்டால் தூக்கம் வருகிறது என்று அதையே தினமும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில நாளிலேயே அதன் தூக்கம் குறைந்துவிடும். வாய் வறட்சியும் மறுநாள் மந்தமும்தான் மிஞ்சும். பஸ்ஸில் அழாமல் வரவேண்டும் என்று கைக்குழந்தைக்குச் சளி மருந்து ஊட்டுகிற பழக்கத்தை அடியோடு விடுங்கள் தாய்மார்களே, குழந்தையின் மூச்சோடு விளையாடுகிற காரியம் அது. இப்போது மெலடோனின் மிட்டாய் மாதிரி விற்கிறார்கள். இருட்டானதும் மூளையே சுரக்கிற ஹார்மோன் அது, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சேதி சொல்லும். வெளிநாடு போய் நேரம் மாறினவர்களுக்கு உதவும். கவலையில் புரளுகிறவனை அது தூங்கவைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

போன் விஷயத்தில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி உங்களுக்குக் காது புளித்திருக்கும். ஆகையால் ஒரே ஒரு வேலை: சார்ஜரை அடுப்படியில் மாட்டிவிடுங்கள். எழுந்திருக்க ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை. திரையின் வெளிச்சம் ஒரு பங்கு கெடுதல் என்றால், திரையில் பார்க்கிற சண்டையும் பந்தயமும் லோன் ஆப்காரன் மெசேஜும் பல பங்கு கெடுதல். ஒரே ரூமில் ஐந்தாறு பேர் தங்குகிற பையன்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி, இத்தனை மணிக்குமேல் எல்லார் போனும் அடுப்படிக்கு என்று முடிவு செய்தால்தான் இது நடக்கும். ஒருத்தன் மட்டும் நல்லவனாக இருந்து பலனில்லை.

வசதியான அறை இருக்கிறவர்களுக்கே தூக்க யோசனை சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மாசத்தில் தூங்க வேண்டியவனுக்கு யார் சொல்வது? தூக்கம் வர உடம்பின் உள்சூடு ஒரு டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். படுக்க ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் வந்து உள்சூடு வெளியேறும். வேலை முடிந்து வந்ததும் குளிக்கிற நம் ஊர்ப் பழக்கம் சரியானதுதான். கூரை மேல் சாயங்காலமே தண்ணீர் தெளியுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்துப் பாயை விரியுங்கள். நுரை மெத்தை சூட்டைப் பிடித்துவைக்கும், பாய் பிடிக்காது. மொட்டை மாடி இருந்தால் கொசுவலையோடு மேலே போங்கள். தெருவிளக்கு கண்ணில் அடித்தால் கறுப்புத் துணி ஒன்றைக் கண்ணுக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஷிப்ட் பார்க்கிற மில் பிள்ளைகளுக்கும், சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் இதெல்லாம் இரட்டிப்புக் கஷ்டம். உடம்பின் கடிகாரத்துக்கு எதிராக நிற்கிறீர்கள். வீட்டுக்கு வருகிற வழியில் வெயில் கண்ணில் படாமல் தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போடுங்கள். வந்ததும் படுத்துவிடுங்கள், பேங்க் வேலை, கல்யாண வீடு எல்லாம் எழுந்த பிறகு. வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பகலில் தூங்குகிற பையனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள், அது அவனுடைய ராத்திரி.

தூக்கம் கெட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்பதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். 1997-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கைத்திறனுக்கு இறங்கிவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03 சதவீதம். காலை ஆறுக்கு எழுந்தவன் இரவு பதினொரு மணிக்கு ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டினவன் மாதிரிதான் பைக் ஓட்டுகிறான். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்த பிள்ளைகள் சிலரை இந்த ஊர் இழந்திருக்கிறது. பஸ்ஸில் போங்கள் கண்ணுகளா.

சில தூக்கமின்மைக்குப் பின்னால் வேறு நோய் இருக்கும். அதைத் தூக்க மாத்திரை போட்டு மூடினால் உள்ளே வளரும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, எவ்வளவு தூங்கினாலும் பகலில் அசதி என்றால் மூச்சுத்தடை நோய் இருக்கலாம். அவர்களுக்குத் தூக்க மாத்திரை ஆபத்து. படுத்தால் கால் குடைச்சல், ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்கிற பெண்பிள்ளைகளுக்குப் பலசமயம் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்து, காரணமில்லாமல் மனசு இருண்டு, விடியவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? அது மனச்சோர்வின் அடையாளம். குணப்படுத்தக்கூடிய நோய் அது. உறவுக்கோ ஊருக்கோ பயந்து மறைக்க வேண்டியதில்லை. 14416 என்ற அரசாங்க டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி யாராவது வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை போடுகிறார்களா என்றும் பாருங்கள். வயசானவர் உடம்பில் டயாசெபம் போன்றவை நாள்கணக்கில் தங்கும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் கால் தடுமாறும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதிலிருந்து எழாதவர்களே அதிகம் என்று சொல்லுகிற அளவுக்கு எங்கள் தெருவில் கண்டிருக்கிறேன். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லித்தான் மருத்துவ வழிகாட்டிகள் இருக்கின்றன. அவர்கள் அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போவது பேரப்பிள்ளைகள் செய்யவேண்டிய வேலை.

ஏற்கெனவே மாத்திரை பழக்கமானவர்களுக்கு: இன்றைக்கு இரவு வழக்கமான அளவையே சாப்பிடுங்கள். நாளைக்கு அட்டையோடு டாக்டரிடம் போய், எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, குறைப்பதற்குத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். இன்னும் தொடங்காதவர்கள், தொடங்க நேர்ந்தால், நிறுத்தும் தேதியை அந்தச் சீட்டிலேயே டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்று எந்த நல்ல டாக்டரும் சொல்ல மாட்டார்.